ஒரு பந்தய ஓட்டுநரின் வாழ்க்கையை நோட்டுப் போட்டுப் படிப்பது எப்படி

எங்கள் வீட்டில் இது ஒரு கேள்வியில் தொடங்கியது. தங்கை மகள் பள்ளியில் ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிக்கி லவுடாவை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவரைத் தெரியும் என்ற தைரியத்தில், 1976-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர் கார் தீப்பிடித்ததையும் ஆறே வாரத்தில் அவர் திரும்பி வந்ததையும் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, அதுக்காகவா அவருக்கு மூணு தடவை சாம்பியன் பட்டம் கொடுத்தாங்க?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடம் கணக்குத் தணிக்கை வேலை பார்த்தவன் நான். ஒரு நிறுவனம் எப்படி லாபம் பார்த்தது என்று கேட்டால், ஒருமுறை அங்கே தீப்பிடித்தது என்று பதில் எழுத மாட்டேன். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஓட்டுநர் விஷயத்தில் அதைத்தான் செய்திருந்தேன். அன்று இரவே ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். அதற்கப்புறம் வேறு சில ஓட்டுநர்களையும் அதே முறையில் படித்துவிட்டேன். அந்த முறையை இங்கே சொல்கிறேன். உதாரணம் எல்லாம் லவுடாவே இருக்கட்டும். அவரை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

முதலில், ஓட்டம் முழுவதும் முடிந்துபோன ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர் என்றால் ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் மனசு மாறும். ஒரு வருடத்துக்கு ஒரு பக்கம். அந்த வருடப் பந்தயங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: எந்த இடத்தில் தொடங்கினார், எந்த இடத்தில் முடித்தார், அதே அணியின் இன்னொரு ஓட்டுநர் எந்த இடத்தில் முடித்தார், பாதியில் நின்றால் ஏன் நின்றார், எத்தனை புள்ளி. கணினியில் போடலாம்தான், ஆனால் கையால் எழுதுங்கள். ஒரே வருடத்தில் ஐந்தாவது முறையாக 'என்ஜின்' என்று எழுதும்போது கை சொல்வதைத் திரை சொல்வதில்லை.

ஒரு பேனா, ஒரு பென்சில் இரண்டும் வேண்டும். நடந்தது பேனாவில், ஊகம் பென்சிலில். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பந்தயக் கதைகளில் 'மட்டும் நடந்திருந்தால்' என்பது ரொம்ப அதிகம். அது பேனாவில் ஏறிவிட்டால் நோட்டு கெட்டுப்போகும்.

எழுதத் தொடங்கும் முன் அந்தக் காலத்துப் புள்ளி விதியைப் பக்கத்தின் தலையில் எழுதிவிடுங்கள். லவுடா ஓடிய காலத்தில் முதல் ஆறு இடங்களுக்கு மட்டும்தான் புள்ளி: 9, 6, 4, 3, 2, 1. ஏழாவது வந்தால் ஒன்றும் இல்லை. இப்போது வெற்றிக்கு 25, பத்தாவது இடத்துக்குக்கூட 1. ஆகவே இரண்டு காலத்துப் புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பயன் இல்லை. வெற்றி எண்ணிக்கையும் அப்படித்தான். லவுடாவுக்கு 25 வெற்றி, அவருக்கு முன்பு ஓடிய ஜிம் கிளார்க்குக்கும் 25 வெற்றி. கிளார்க் அதை 72 பந்தயங்களில் எடுத்தார், லவுடா 171 பந்தயங்களில். இன்னும் பழைய ஓட்டுநர் ஃபாஞ்சியோ 51 பந்தயங்களில் 24. இந்த விகிதத்தை மட்டும் பார்த்தால் லவுடா சாதாரண ஆளாகத் தெரிவார். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எடை போட்டேன். அவர் வெற்றி பெறாத பந்தயங்களில் என்ன செய்தார் என்பதைப் பார்க்கவே இல்லை.

அப்புறம், முதல் பக்கத்தில் பந்தயம் எழுதாதீர்கள், பணம் எழுதுங்கள். யார் கொடுத்தது? லவுடா 1949-ல் வியன்னாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் குடும்பத்துக்குப் பந்தயம் பிடிக்கவில்லை, காசும் தரவில்லை. ஆயுள் காப்பீட்டை ஈடு காட்டி வங்கியில் கடன் வாங்கித்தான் மார்ச் அணியில் இடம் பிடித்தார். 1971-ல் சொந்த நாட்டுப் பந்தயத்தில் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டம். 1972 முழு வருடமும் மார்ச் அணியில் ஓடினார், ஒரு புள்ளிகூட இல்லை. கார் மோசம். கடன் மட்டும் மிச்சம். 1973-ல் மறுபடியும் கடன் வாங்கி பி.ஆர்.எம். அணிக்குப் போனார். அந்த வருடம் முழுக்க 2 புள்ளி, பெல்ஜியத்தில் ஐந்தாவது வந்ததற்கு.

இந்த இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கும். தாண்டிப் போகாதீர்கள். 1973 மொனாக்கோ வரியில் 'கியர்பாக்ஸ், நின்றார்' என்று இருக்கும். அதுவரை அவர் மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார், அந்த பி.ஆர்.எம். காரில். புள்ளிக் கட்டத்தில் பூஜ்யம்தான். ஆனால் அடுத்த வருடம் அவர் ஃபெராரியில் இருந்தார். அவரோடு பி.ஆர்.எம்.மில் ஓடிய கிளே ரெகஸோனி ஃபெராரிக்குத் திரும்பியபோது இவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருந்தார். கூட ஓடிய ஒருவர் சொல்லும் வார்த்தைக்கு இந்தத் தொழிலில் எவ்வளவு மதிப்பு என்று அந்த வரியில்தான் எனக்குப் புரிந்தது.

இனி வருவதுதான் நான் அதிக நேரம் செலவிட்ட இடம். 1974, 1975 இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே வைத்துக்கொள்ளுங்கள்.

1974-ல் லவுடா 9 முறை போல் பொசிஷன் எடுத்தார். அதாவது 15 பந்தயங்களில் 9-ல் எல்லாருக்கும் முன்னால் நின்று தொடங்கினார். ஜெயித்தது இரண்டுதான், ஸ்பெயினும் நெதர்லாந்தும். வருடக் கடைசியில் நான்காவது இடம், 38 புள்ளி. அதே காரில் ரெகஸோனி 52 புள்ளியோடு இரண்டாவது. 1975-லும் லவுடாவுக்கு 9 போல் பொசிஷன். இந்த முறை 5 வெற்றி, 64.5 புள்ளி, உலக சாம்பியன். ரெகஸோனிக்கு 25 புள்ளி. 1964-க்குப் பிறகு ஃபெராரிக்குக் கிடைத்த முதல் ஓட்டுநர் பட்டம் அது.

வேகம் இரண்டு வருடமும் ஒன்றுதான், 9-ம் 9-ம். அப்படியானால் எது மாறியது? 'ஏன் நின்றார்' கட்டத்தைப் பாருங்கள். 1974-ன் கடைசி ஐந்து பந்தயங்களிலும் அவர் முடிக்கவே இல்லை. ஜெர்மனியில் முதல் சுற்றிலேயே ஜோடி ஷெக்டரின் காரோடு மோதல். ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் என்ஜின். கனடாவில் முன்னணியில் ஓடும்போது தடத்தில் கிடந்த குப்பையில் சறுக்கி வெளியே போனார். அமெரிக்காவில் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு. ஐந்து பந்தயம், பூஜ்யம் புள்ளி. 1975-ல் 14 பந்தயங்களில் ஒன்றே ஒன்றில்தான் நின்றார், ஸ்பெயினில், தொடங்கியவுடன் நடந்த மோதலில். மற்ற 13-ஐயும் முடித்தார்.

அந்தக் கட்டத்தில் இரண்டு நிற மை பயன்படுத்துங்கள். கார் கெட்டு நின்றால் நீலம், ஓட்டுநரால் நின்றால் சிவப்பு. மோதலில் யார் தவறு என்று சொல்ல முடியாதபோது இரண்டு நிறத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். 1974 பக்கத்தில் கொஞ்சம் சிவப்பும் நிறைய நீலமும் இருக்கும். 1975-ல் இரண்டுமே அநேகமாக மறைந்துவிடும். நீலம் குறைந்ததில் புதிய 312டி காருக்கும், அதை வடிவமைத்த மௌரோ ஃபோர்கியெரிக்கும் பங்கு உண்டு. ஓயாமல் சோதனை ஓட்டம் ஓடிக் குறைகளைச் சொல்லிக்கொண்டே இருந்த லவுடாவுக்கும் பங்கு உண்டு. யாருக்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் பென்சிலால்கூட எழுதாதீர்கள்.

அந்த 64.5-ல் வரும் அரைப் புள்ளியையும் கவனியுங்கள். ஆஸ்திரியப் பந்தயம் மழையால் பாதியில் நிறுத்தப்பட்டது, அதனால் எல்லாருக்கும் பாதிப் புள்ளி. ஆறாவது வந்த லவுடாவுக்கு 0.5. அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது. அந்த வரியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, 1976.

விபத்தை எழுதும்போது அதற்கு முந்தின வரிகளையும் பிந்தின வரிகளையும் சேர்த்தே எழுதுங்கள். நான் செய்த தவறு, அதை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொன்னதுதான். நூர்பர்க்ரிங் அப்போது கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர் நீளம். முந்தைய வருடம், யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் அதை 7 நிமிடத்துக்குள் சுற்றி வந்த முதல் ஆள் லவுடாதான், 6 நிமிடம் 58.6 விநாடி. அதே லவுடாதான் 1976 பந்தயத்துக்கு முன்பு, இந்தத் தடம் பாதுகாப்பானதில்லை, ஓட வேண்டாம் என்று மற்ற ஓட்டுநர்களிடம் வாதாடினார். வாக்கெடுப்பில் தோற்றார். எல்லாரும் ஓடினார்கள், அவரும் ஓடினார். இந்த இரண்டு வரியும் இல்லாமல் விபத்தை எழுதினால், வேகத்துக்கு ஆசைப்பட்டு விழுந்தவரைப் போல அவர் தெரிவார். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகஸ்ட் 1. முதல் சுற்று முடிவில் மழை டயரைக் கழற்றி, உலர்ந்த தடத்துக்கான டயரை மாட்டிக்கொண்டு வந்தவர், இரண்டாவது சுற்றில் தடம் விட்டுப் போய் மண்மேட்டில் மோதினார். கார் தீப்பிடித்துத் தடத்துக்கே திரும்பி வந்து விழுந்தது. பின்னால் வந்த கார்களும் மோதின. ஏன் தடம் மாறியது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. 'பின் சஸ்பென்ஷன்?' என்று நான் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அவரை வெளியே இழுத்தவர்கள் சக ஓட்டுநர்கள் நான்கு பேர்: ஆர்துரோ மெர்சாரியோ, கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்ல். இந்த நான்கு பெயரையும் பேனாவில் எழுதுங்கள். தங்கள் பந்தயத்தை விட்டுவிட்டு நெருப்புக்குள் கையை விட்டவர்கள். பல கதைகளில் அவர்கள் பெயரே வருவதில்லை.

தோலில் பட்ட காயத்தைவிட, உள்ளே இழுத்த நச்சுப் புகையால் நுரையீரலுக்கு வந்த ஆபத்துதான் பெரிது. பாதிரியார் வந்து கடைசிச் சடங்கு செய்தார். இரண்டு பந்தயம் தவறியது. செப்டம்பர் 12, இத்தாலியின் மோன்ஸா: நான்காவது இடம், 3 புள்ளி. விபத்திலிருந்து எண்ணினால் 42-வது நாள். அந்த வரியை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

ஆனால் அந்த வருடத்தின் முக்கியமான வரி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அக்டோபர் 24, ஜப்பானில் ஃபூஜி. லவுடாவுக்கு 68 புள்ளி, ஜேம்ஸ் ஹன்ட்டுக்கு 65. கடைசிப் பந்தயம், கொட்டும் மழை. இரண்டு சுற்று ஓடிவிட்டு லவுடா உள்ளே வந்து காரை நிறுத்தினார். இமைகள் தீக்காயப்பட்டிருந்ததால் கண்ணைச் சரியாகச் சிமிட்டக்கூட முடியாத நிலை. என்ஜின் பழுது என்று சொல்லிவிடலாமா என்று அணியில் கேட்டார்கள். வேண்டாம், ஓட விருப்பமில்லை என்றே சொல்லுங்கள் என்றார். ஹன்ட் மூன்றாவது வந்தார், 69 புள்ளி, பட்டம் அவருக்கு. ஒரு புள்ளியில்.

இந்த இடத்தில் உங்கள் நோட்டின் 'ஏன் நின்றார்' கட்டம் திணறும். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் கறுப்பு மையில் 'தானே நிறுத்தினார்' என்று எழுதினேன். தங்கை மகளுக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. எனக்கும்தான். பொய் ஒன்றைத் தயாராக வைத்து நீட்டும்போது, அதை வாங்காமல் பட்டத்தை விட்டுக்கொடுப்பது நெருப்பிலிருந்து மீண்டு வருவதைவிடச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

1977 பக்கம் கூட்டல் கழித்தல் பிடித்தவர்களுக்கு ஒரு விருந்து. அந்த வருடம் லவுடா ஜெயித்தது 3 பந்தயம், மாரியோ ஆண்ட்ரெட்டி ஜெயித்தது 4. ஆண்ட்ரெட்டிக்கு 47 புள்ளி, லவுடாவுக்கு 72. எப்படி? ஆறு இரண்டாம் இடங்கள். ஒரு மூன்று, ஒரு நான்கு, ஒரு ஐந்து. கூட்டிப் பாருங்கள்: 27, 36, 4, 3, 2. சரியாக 72. பட்டம் உறுதியானதும் கடைசி இரண்டு பந்தயத்துக்கு நிற்காமல் ஃபெராரியை விட்டே போய்விட்டார்.

1978-ஐயும் 1979-ஐயும் வேகமாக எழுதி முடிக்கலாம். பிரபாம் அணி, முதல் வருடம் இரண்டு வெற்றி, அடுத்த வருடம் முழுக்க 4 புள்ளி. மான்ட்ரியாலில் பயிற்சி ஓட்டத்தின் நடுவே போதும் என்று இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு வருடம் பந்தயமே இல்லை. அதற்கும் பக்கம் விடுங்கள், வெறும் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காலத்தில் அவர் சொந்த விமான நிறுவனத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். நோட்டின் கடைசியில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். 1991 மே 26 அன்று அந்த நிறுவனத்தின் போயிங் 767 ஒன்று தாய்லாந்தில் விழுந்து 223 பேர் இறந்தார்கள். லவுடா தானே அந்த இடத்துக்குப் போனார். தரையிறங்கிய பின் வேகத்தைக் குறைக்க உதவும் எதிர்விசைக் கருவி, ஒரு என்ஜினில் பறக்கும்போதே திறந்துகொண்டதுதான் காரணம் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படும்வரை அவர் விடவில்லை. பந்தயத்தோடு சம்பந்தம் இல்லை என்று நினைத்து முதலில் இதை எழுதாமல் விட்டிருந்தேன். ஃபூஜியில் என்ஜின் பழுது என்று சொல்ல மறுத்தவரும் இவர்தான் என்று தோன்றியதும் சேர்த்துவிட்டேன்.

1982-ல் மெக்லாரன் அணியில் திரும்பி வந்தார், மூன்றாவது பந்தயத்திலேயே லாங் பீச்சில் வெற்றி. இப்போது நேராக 1984-க்கு வாருங்கள். இங்கே சக ஓட்டுநர் கட்டம்தான் எல்லாமே.

பக்கத்தில் நின்றவர் அலென் ப்ரோஸ்ட். வயதில் இளையவர், ஒற்றைச் சுற்றில் வேகமானவர். அந்த வருடம் முழுவதும் லவுடாவுக்கு ஒரு போல் பொசிஷன்கூட இல்லை. ப்ரோஸ்ட் 7 பந்தயம் ஜெயித்தார், லவுடா 5. மொத்தக் கணக்கு: லவுடா 72, ப்ரோஸ்ட் 71.5. 1977-லும் 72, 1984-லும் 72. எண் ஒன்றுதான், ஆனால் இரண்டு பக்கத்தையும் வரி வரியாகப் பார்த்தால் வேறு வேறு மனிதர் ஓட்டியது போல இருக்கும். 35 வயதில், தன்னைவிட வேகமானவரோடு தகுதிச் சுற்றில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, பந்தயத்துக்கு ஏற்ற மாதிரி காரைத் தயார் செய்வதில் இறங்கிவிட்டார். ஆஸ்திரியாவில் முன்னணியில் இருக்கும்போது கியர் போய்விட்டது. மிச்சமிருந்த கியர்களை வைத்தே ஓட்டி, துரத்தி வந்த நெல்சன் பிக்கேவுக்கு விஷயம் தெரியாமலே சொந்த மண்ணில் ஜெயித்தார்.

அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? மொனாக்கோவிலிருந்து. மழை, 31 சுற்றோடு சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். ப்ரோஸ்ட் முதலிடம், டோல்மன் காரில் அயர்டன் சென்னா நெருங்கிக்கொண்டிருந்தார். பாதிப் புள்ளி என்பதால் ப்ரோஸ்ட்டுக்கு 9-க்குப் பதில் 4.5. பந்தயம் முழுக்க ஓடி ப்ரோஸ்ட் இரண்டாவது வந்திருந்தால்கூட 6 கிடைத்திருக்கும், மொத்தம் 73 ஆகியிருக்கும். ஆனால் இது பென்சில் சமாச்சாரம். பேனாவால் எழுத வேண்டியது இதுதான்: போர்ச்சுகலின் எஸ்டோரில் தடம், கடைசிப் பந்தயம், லவுடா 66, ப்ரோஸ்ட் 62.5. ப்ரோஸ்ட் ஜெயித்தால் லவுடாவுக்கு இரண்டாவது இடம் கட்டாயம். தொடங்கியது 11-வது இடத்தில். ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவது இடத்துக்கு வந்தார். முன்னால் இருந்த நைஜல் மேன்செல் பிரேக் கெட்டுச் சுழன்று வெளியேறினார். இரண்டாவது இடம், 6 புள்ளி. 1975-ல் போட்ட அந்த நட்சத்திரத்துக்கு இங்கே ஒரு ஜோடி நட்சத்திரம் போடுங்கள்.

தங்கை மகள் பேச்சைப் பேசிவிட்டு வந்தாள். நெருப்பைப் பற்றி ஒரு நிமிடம்தான் பேசினாளாம். 1974, 1975 பக்கங்களைக் கரும்பலகையில் நீலமும் சிவப்புமாக வரைந்து காட்டினாளாம். இப்போது ப்ரோஸ்ட்டுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். நேராக 1984-க்குப் போகப் பார்த்தாள். வேண்டாம்மா, முதல் பக்கத்திலிருந்து வா என்றேன். 1980, அர்ஜென்டினா, மெக்லாரன், ஆறாவது இடம், 1 புள்ளி. எழுதிவிட்டு, "மாமா, இவருக்கு யார் பணம் கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.